தாடி வைத்த அக்கா

என் மனைவிக்குத் தப்பு பிடிக்கிற வேலை. அச்சகத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு பிடிக்கிறாள், வீட்டில் இலவசமாகப் பிடிக்கிறாள். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு தாள் வைத்திருப்பார்களே, நாமெல்லாம் பிரிக்காமலே தூக்கிப் போடுவோமே, அந்தத் தாளை அச்சுக்குப் போகும் முன் வரி வரியாகப் படித்துப் பிழை திருத்துவதுதான் அவள் உத்தியோகம். 'உணவுக்குப் பின்' என்பது 'உணவுக்கு முன்' என்று மாறிப்போனால் என்ன ஆகும் என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிடாதீர்கள், அரை மணி நேரம் போய்விடும். அச்சகத்தில் அவளைப் பூதக்கண்ணாடி என்பார்கள். மேஜையில் ஒன்று வைத்திருப்பதால் வந்த பெயர் என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள். இருக்கட்டும், நமக்கெதற்கு வம்பு.

இப்பேர்ப்பட்டவள் பத்தொன்பது வயதில் ஒரு பிழை செய்தாள். சின்னப் பிழை இல்லை. இருபத்திரண்டு வருஷம் கழித்து அதனால் இரண்டாயிரம் பேர் கொதித்தெழுந்தார்கள். அந்தக் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். வீடியோ விளையாட்டும் தெரியாது, பொறுமையும் அவ்வளவாகக் கிடையாது. எனவே நடுவில் எங்காவது சுள்ளென்று விழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவிக்கு ஒரே தம்பி. குட்டி என்று கூப்பிடுவோம். குட்டிக்கு முப்பத்து மூன்று வயது, எங்கள் வீட்டு நிலைப்படியில் குனிந்துதான் நுழைவான். லிஃப்ட் பழுது பார்க்கிறவன். நல்ல பையன், நல்ல கைத்தொழில், ஒரே ஒரு கிறுக்கு. அந்தக் கிறுக்கின் பெயர் 'ஏழு துறைமுகம்'.

அது ஒரு பழைய விளையாட்டு. நாமே அதில் ஒரு வீரனாகி ஊர் ஊராகப் போகவேண்டும். எதிரில் வருகிற ஒவ்வொருவரிடமும் நின்று பேசவேண்டும். கேட்காமல் கொள்ளாமல் அடுத்தவன் வீட்டுக்குள் நுழைந்து அலமாரியைத் திறந்து பார்க்கலாம், வீட்டுக்காரன் பார்த்துக்கொண்டே நிற்பான். சண்டை என்று வந்தால் இவன் ஓர் அடி, அவன் ஓர் அடி, முறை வைத்து அடித்துக்கொள்வார்கள். தன் முறை வரும்வரை ராட்சசன்கூடக் காத்திருப்பான். இவ்வளவு மரியாதையான சண்டையை நான் என் வேனுக்குள் ஒருநாளும் பார்த்ததில்லை.

குட்டி பதினோரு வயதில் பள்ளிக்கூடச் சுவரேறிக் குதித்துக் காலை முறித்துக்கொண்டான். தொடைவரை மாவுக்கட்டு. அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். அக்காவுக்குக் கல்லூரி. பகல் முழுக்கப் பையன் தனியாகக் கிடந்தான். பக்கத்துத் தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர் ஒருவர் மனசு கேட்காமல் தன்னுடைய பழைய விளையாட்டுப் பெட்டியை 'ஏழு துறைமுகம்' முதல் பாகத்தோடு கொண்டுவந்து கொடுத்தார். பேச்செல்லாம் வேற்று மொழியில். குட்டிக்கு அந்த மொழி எழுத்துக்கூட்டத்தான் வரும். முதல் ஊரை விட்டு வெளியே போக வழி தெரியாமல் மூன்று நாள் சுற்றிச் சுற்றி வந்து அழுதிருக்கிறான்.

அதைப் பார்த்துத்தான் அக்கா களத்தில் இறங்கினாள். கம்ப்யூட்டர்க்காரர் விளையாட்டின் வயிற்றைத் திறந்து வசனங்களை மட்டும் உருவிப் பட்டியலாக எழுதிக் கொடுப்பார். இவள் கல்லூரி விட்டு வந்து நோட்டில் தமிழில் எழுதுவாள். அவர் அதை மறுபடி உள்ளே வைத்துத் தைத்துவிடுவார். புள்ளி புள்ளியாகத் தமிழ் எழுத்துகளை அவரே வரைந்தாராம், மகா மனிதர். ஒரு பேச்சுக்கு மூன்று வரிதான் இடம். அதற்குள் அடக்கவேண்டும். வாரத்துக்கு ஒரு துண்டு முடியும், குட்டி ஆடுவான், அடுத்த துண்டுக்குக் காத்திருப்பான். கட்டுப் பிரித்து, அவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கி எத்தனையோ மாதம் கழித்துத்தான் வேலை முடிந்தது. முடிவில் தன் பெயரைப் போட வெட்கப்பட்டு, 'மொழிபெயர்ப்பு: நத்தை' என்று போட்டாள்.

கம்ப்யூட்டர்க்காரர் அதை நாலு பேருக்குக் கொடுத்தார். நாலு நாற்பதாகி, நாற்பது நானூறாகி, தமிழ் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் எங்கெங்கே இருந்தார்களோ அங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. இன்றைக்கும் இணையத்தில் அவர்களுக்கென்று ஒரு மன்றம் இருக்கிறது. அதில் நத்தையின் பெயரைச் சொன்னால் எழுந்து நிற்பார்கள். எனக்குக் கல்யாணமான புதிதில் இதெல்லாம் தெரியாது. நான் ஏதோ அச்சகத்தில் வேலை செய்கிற அமைதியான பெண்ணைக் கட்டிக்கொண்டதாக நினைத்திருந்தேன்.

அந்த விளையாட்டில் எல்லாருக்கும் பிடித்தது வீரன் இல்லை, இளவரசி இல்லை, கப்பல் கேப்டன். ஒவ்வொரு துறைமுகத்திலும் வீரன் அடிபட்டு உதைபட்டு வந்து நிற்பான். கேப்டன் அக்கா அவனைக் கப்பலில் ஏற்றிக்கொள்வாள். திட்டமாட்டாள், ஏன் தோற்றாய் என்று கேட்கமாட்டாள். மூன்றாவது துறைமுகத்தில் ஊரையே பறிகொடுத்துவிட்டு வருகிறவனிடம் அவள் சொல்வாள்: "தோத்துட்டு வந்தா என்ன? கப்பல் உனக்காகத்தான் நிக்குது. ஏறு." குட்டி இந்த வசனத்தை எழுதிக் கருவிப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறான். லிஃப்ட் உரிமத் தேர்வில் இரண்டு தடவை தோற்றான். மூன்றாவது தடவை எழுதப் போகும் முன் பெட்டியைத் திறந்து அதைப் படித்துவிட்டுத்தான் போனதாக என்னிடம் சொல்லியிருக்கிறான்.

இரண்டாம் பாகமும் மூன்றாம் பாகமும் வந்தன. அவற்றில் கேப்டன் இல்லை. பிறகு அந்தக் கம்பெனி மூடிவிட்டது. அன்றிலிருந்து மன்றத்துக்காரர்களுக்கு ஒரே வேலை, வருஷா வருஷம் 'மீண்டும் கொண்டுவாருங்கள்' என்று கெஞ்சிக் கடிதம் போடுவது. யாருக்குப் போடுவது என்றே தெரியாமல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

போன வருஷம் ஒரு புதுக் கம்பெனி அந்த உரிமையை வாங்கி, நான்காம் பாகம் வருகிறது, பழைய முகங்களெல்லாம் திரும்ப வருகிறார்கள், தமிழிலும் வரும் என்று அறிவித்தது. குட்டி எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்று தேம்பித் தேம்பி அழுதான். ஆறடி ஆள் அழுதால் பார்க்கச் சகிக்காது. மூன்று நாள் மன்றம் முழுக்க ஆனந்தக் கண்ணீர். நான்காம் நாள் ஆரம்பித்தார்கள் பாருங்கள்.

புல் ரொம்பப் பச்சையாக இருக்கிறதாம். வீரன் சிரிக்கிறானாம், அவன் சிரிக்கிற ஆள் இல்லையாம். சண்டையில் முறை வைத்து அடிப்பதை எடுத்துவிட்டார்களாம், கண்டபடி எல்லாரும் ஒரே நேரத்தில் அடித்துக்கொள்கிறார்களாம். இருபது வருஷமாக மீண்டும் வரவேண்டும் என்று கெஞ்சினவர்களில் பாதிப் பேர், இப்போது வராமலே இருந்திருக்கலாம் என்று எழுதினார்கள். மறுபாதி, வந்ததே பெரிசு, வாயை மூடுங்கள் என்று எழுதினார்கள். இரண்டு பாதியும் முன்பதிவு செய்துவிட்டன. கல்யாண வீட்டுக்கு வந்து பந்தியில் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே உப்பில்லை என்று சொல்கிற சொந்தக்காரர்களை எனக்குத் தெரியும். அதே ஜாதகம்தான்.

அப்புறம் முன்னோட்டப் படம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, குட்டி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான்.

"மாமா, அநியாயத்தைப் பாத்தீங்களா?"

போனை நீட்டினான். கப்பல் வந்தது, துறைமுகம் வந்தது. அப்புறம் கப்பல் முனையில் தலையில் சிவப்புத் துணி கட்டி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஓர் ஆள் திரும்பினார். மார்புவரை கருகருவென்று தாடி.

"யாருப்பா இது? கம்பீரமா இருக்காரு" என்றேன்.

"கேப்டன், மாமா. எங்க அக்காவை ஆம்பளை ஆக்கிட்டானுங்க."

சமையலறை வாசலில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். வழக்கமாகத் தம்பியைப் பார்த்ததும் "செருப்பு" என்பாள். அன்று உள்ளே போய்க் கழுவி வைத்த டம்ளர்களை மறுபடி கழுவத் தொடங்கினாள்.

அன்று சாயங்காலமே குட்டி 'எங்கள் அக்காவைத் திருப்பிக் கொடு' என்று ஒரு மனு தயார் செய்துவிட்டான். ஒரு வாரத்தில் இரண்டாயிரம் கையெழுத்து. இதில் வேடிக்கை என்னவென்றால், மற்ற மொழிக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்த அக்கா?" என்று கேட்டார்கள். "நீங்கள் ஊன்றி விளையாடவில்லை" என்று நம் ஆட்கள் பதில் எழுதினார்கள். ஓர் அயல்நாட்டுக்காரன், கேப்டனுக்கு எப்போதும் தாடிதானே என்று அப்பாவியாகக் கேட்டிருக்கிறான். அவனை அறுபது பேர் சேர்ந்து ஓட ஓட விரட்டினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, குட்டி போன பிறகு, என் மனைவி துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, அவருக்கு முதல்லேர்ந்தே தாடிதான்."

"யாருக்கு?"

"கேப்டனுக்கு. அப்பல்லாம் நகம் அளவுதாங்க படம். தலையில செவப்புத் துணி, மூஞ்சிக்குக் கீழே கறுப்பா ஒரு பட்டை. கடல் காத்துக்குக் கழுத்தைச் சுத்தித் துணி கட்டியிருக்காங்கன்னு நெனச்சுட்டேன். பொம்பளைன்னு முடிவு பண்ணி அக்கான்னு எழுதிட்டேன்."

"தாடின்னு எப்பத் தெரிஞ்சுது?"

"கடைசித் துறைமுகத்துல. அவரோட பொண்டாட்டி வராங்க."

"அப்ப என்ன பண்ணே?"

"கேப்டனோட தோழின்னு எழுதிட்டேன்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒரு புள்ளி விட்டுப் போனால் அச்சகத்தையே நிறுத்துகிறவள், ஒரு மனுஷனின் பெண்டாட்டியைப் பறித்திருக்கிறாள். ஆனால் அவள் சிரிக்கவில்லை.

"அது போகட்டுங்க. அந்த வசனமெல்லாம்கூட நான் எழுதினதுதான். அவரு அப்படி எதுவும் சொல்லவே இல்ல."

அப்புறம் மெதுவாகச் சொன்னாள். கட்டுப் போட்டுப் படுத்திருந்த பையன் சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடித்தானாம். கெஞ்சியும் திட்டியும் பார்த்தாளாம், நடக்கவில்லை. விளையாட்டில் கேப்டன் 'காலையில் கப்பல் புறப்படும்' என்று சொல்கிற இடம் வந்தது. இவள் அதை அடித்துவிட்டு, 'சாப்டியா? சாப்டுட்டு வா, கப்பல் நிக்கும்' என்று எழுதிவிட்டாள். அன்றைக்குத் தட்டு காலியாக இருந்ததாம். அப்புறம் கை சும்மா இருக்குமா? மாவுக்கட்டுக்குள் அரிக்கிறது என்று அவன் ஸ்கேலை விட்டுச் சொறிந்துகொண்டிருந்தான். கேப்டன் 'வடக்கே காற்று பலம்' என்று சொல்லவேண்டிய இடத்தில், 'புண்ணைச் சொறியாதே, தானா ஆறும்' என்று எழுதினாள். வீரனுக்கு முதல் சண்டையில் கையில் ஒரு வெட்டு விழுந்திருப்பதால் பொருத்தமாகவும் அமைந்துவிட்டது. மன்றத்தில் ஒரு பல் டாக்டர் அந்தப் புண்ணைப் பற்றி மட்டும் நாற்பது பக்கம் ஆராய்ச்சி எழுதியிருக்கிறார். அது ஒரு சாபத்தின் அடையாளமாம்.

"அந்த 'ஏறு'?" என்றேன்.

"எலும்பு சரியாக் கூடலை, மறுபடி உடைச்சுக் கட்டணும்னு டாக்டர் சொன்னாரு. 'நான் என்ன தப்பு பண்ணேன்'னு அன்னிக்குப் பூரா அழுதான். எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. ராத்திரி உக்காந்து எழுதினேன்."

"அங்க உண்மையில என்ன இருந்துச்சு?"

"'சரக்கு ஏத்தியாச்சு, கெளம்பணும்.'"

அடுத்த சனிக்கிழமை அந்தக் கம்பெனிக்காரர்கள் ரசிகர்களைச் சந்திக்க வருகிறார்கள். மேஜை நாற்காலி விற்கிற கடையின் மாடியில் கூட்டம். குட்டி எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, பழைய வசனத்தைப் படித்துக் காட்டி நியாயம் கேட்கப் போகிறான். அவர்கள் மூலத்தை எடுத்து மேஜையில் வைத்தால் பையன் மானம் கப்பலேறிவிடும்.

"அதுக்கு முன்னால அவன்கிட்ட சொல்லித் தொலைச்சிடு" என்றேன்.

"சொன்னா அவனுக்கு அந்த அக்கா இல்லாமப் போயிடுவாங்க."

"நீ ஒருத்தி இருக்கியே, பத்தாதா?"

"நான் அவனைத் திட்டற அக்காங்க. அவ திட்டாதவ. இருபது வருஷமா அவனுக்கு அவ இருக்கான்னுதான் நான் தைரியமாத் திட்டிக்கிட்டே இருந்தேன்."

நான் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

அந்த வாரம் முழுக்க அவள் சொல்லப் பார்த்தாள். பார்த்தேன், சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. புதன்கிழமை குட்டி சாப்பிட வந்தான். "குட்டி, அந்தக் கேப்டன் விஷயமா..." என்று ஆரம்பித்தாள். "நீ கவலையே படாதே, விடமாட்டேன்" என்றான் அவன். இவள் ஒரு நிமிஷம் அவனையே பார்த்தாள். அப்புறம், "சட்டையில பட்டன் இல்ல, இப்படித்தான் நாலு வீடு போய் வேலை பாக்கறியா?" என்று பிடித்துக்கொண்டாள். வியாழக்கிழமை போன் போட்டாள். அவன் லிஃப்ட் குழிக்குள் நின்றபடி எடுத்தான். வேலை நேரத்தில் எதற்குப் போனை எடுக்கிறாய் என்று கால் மணி நேரம் திட்டிவிட்டு வைத்துவிட்டாள். போட்டது இவள்.

"நான் சொல்லட்டுமா?" என்றேன்.

"நீங்க வாயைத் திறந்தீங்கன்னா அப்புறம் நான் உங்ககிட்ட பேசமாட்டேன்."

ஒரு வாரம் நிம்மதி கிடைக்குமே என்று ஒரு கணம் யோசித்தேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை நானும் என் மனைவியும்கூடக் கூட்டத்துக்குப் போனோம். மாடியில் நூறு பேருக்கு மேல். எல்லாருக்கும் முப்பது தாண்டிய வயது. கணக்கர்கள், நர்ஸ்கள், கைக்குழந்தையோடு ஒரு போலீஸ்காரி. பாதிப் பேர் புது விளையாட்டைத் தொட்டுப் பார்க்க வரிசையில் நின்றுகொண்டே அதைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஆடிவிட்டு வந்தவர்களிடம் எப்படி என்று கேட்டால், "மோசம்" என்று சொல்லிவிட்டு மறுபடி வரிசையில் போய் நின்றார்கள். கம்பெனி சார்பில் ஒரு பெண் வந்திருந்தாள். சின்ன வயசு, தெளிவான பேச்சு, புதுப் பாகத்தின் தமிழுக்கு அவள்தான் பொறுப்பாம்.

கேள்வி நேரம் வந்ததும் குட்டி எழுந்தான். மனுவைப் படித்தான். பிறகு மூன்றாவது துறைமுகத்து வசனத்தைச் சொன்னான். பின்வரிசையில் இரண்டு பேர் மூக்கை உறிஞ்சினார்கள்.

அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, திரையில் ஒரு பெரிய படத்தைப் போட்டாள். பழைய கம்பெனியின் ஓவியர் முதன்முதலில் வரைந்தது. அதே சிவப்புத் துணி, அதே இடுப்புக் கை, அதே தாடி. "நாங்க எதையும் மாத்தலைங்க. அந்த எடத்துல மூலத்துல 'சரக்கு ஏத்தியாச்சு, கெளம்பணும்'னுதான் இருக்கு" என்றாள்.

மாடி முழுக்க இரைச்சல். குட்டி அசரவில்லை.

"படத்தை யாரு வேணும்னாலும் வரையலாம்ங்க. இதைத் தமிழ்ல கொண்டுவந்தது நத்தை. நத்தை யாருன்னு இத்தனை வருஷமா நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. எங்க அக்காதான். மருந்துத் தாள்ல ஒரு புள்ளி விடாதவங்க. அவங்க இல்லாததை எழுத மாட்டாங்க." இவள் பக்கம் திரும்பினான். "அக்கா, எழுந்து சொல்லு."

நூறு தலைகள் திரும்பின. சிலர் கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். என் மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"தாடிதான்" என்றாள். "நான் துணின்னு நெனச்சுட்டேன்."

கைதட்டல் நின்றது. எங்கோ ஒருவர் சிரித்து, அடக்கிக்கொண்டார்.

"சரி, படம் தெரியல. வசனம்?" என்றான் குட்டி.

"அது நான் எழுதினது."

"எது? 'ஏறு'ன்னு சொல்றதா?"

"நான்தான்."

"'சாப்டியா'?"

"அதுவும்."

"'புண்ணைச் சொறியாதே'?"

"எல்லாம் நான்தான் குட்டி."

முன்வரிசையில் கண்ணாடி போட்ட ஒருவர் மெல்ல எழுந்தார். பல் டாக்டர். "அப்ப அந்தச் சாபம்?" என்று கேட்டார்.

"மாவுக்கட்டு அரிப்புங்க" என்றாள் என் மனைவி.

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவர்மேல்தான் முதலில் பரிதாபம் வந்தது. குட்டி மனுவை நாலாக மடித்தான், பையில் வைத்தான், ஆட்களை விலக்கிக்கொண்டு படியிறங்கினான். நாங்கள் பின்னால் ஓடினோம். கீழே கட்டில் விற்கிற பகுதியில் அவனைப் பிடித்தோம்.

"குட்டி, உன்னை ஏமாத்தணும்னு..."

"ஏமாத்தினதுக்காக இல்லக்கா." அவன் திரும்பினான். கண் சிவந்திருந்தது. "மூணாவது தடவை பரீட்சைக்குப் போறன்னிக்கு நீ வாசல்ல நின்னு என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா? 'இந்தத் தடவையும் தோத்துட்டு வந்து நிக்காதே'ன்னே. அந்தப் பேச்சும் உன்கிட்டதான் இருந்துச்சு, இந்தப் பேச்சும் உன்கிட்டதான் இருந்துச்சு. தாடிக்காரன் வாயில வெச்சு எழுதத் தெரிஞ்சவளுக்கு உன் வாயால ஒரு தடவை சொல்லத் தெரியல. நான் எவளோ ஒருத்திக்கு நன்றி சொல்லிக்கிட்டே வளந்திருக்கேன்."

போய்விட்டான். விற்பனைக்காரர் எங்களிடம் வந்து, கட்டில் பார்க்கிறீர்களா என்று கேட்டார். அவர்மேல் எரிந்து விழுந்தேன், பாவம்.

மேலே கூட்டம் தொடர்ந்து நடந்ததாம். கம்பெனிப் பெண் தாடி தாடியாகத்தான் இருக்கும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டாள். மன்றம் அன்றே மூன்றாக உடைந்தது. அக்காதான் வேண்டும், மூலம் எக்கேடு கெட்டால் என்ன என்று ஒரு கட்சி. தாடியே சரி, இத்தனை வருஷம் முட்டாளாகியிருக்கிறோம் என்று ஒரு கட்சி. பல் டாக்டர் மட்டும் தனியாக, நத்தைக்கே தெரியாமல் நத்தை சாபத்தைத்தான் எழுதியிருக்கிறார் என்று புதிதாகப் பதினைந்து பக்கம் எழுதினார். அந்த மனிதரை அசைக்க முடியாது.

குட்டி எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அக்காவும் தம்பியும் ஒருநாள் விடாமல் போனில் சண்டை போடுகிறவர்கள். ஒன்பது நாள் பேச்சு இல்லை. இவள் போட்டால் அவன் எடுக்கவில்லை. வீட்டில் எனக்கு ஏச்சும் இல்லை, பேச்சும் இல்லை. சட்டையை நாற்காலியில் போட்டேன், ஒன்றும் சொல்லவில்லை. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டுப் பார்த்தேன். எடுத்து உலர்த்திவிட்டுப் போனாள். அப்போதுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது.

பத்தாம் நாள் நான்காம் பாகம் வெளியானது. சாயங்காலம் நான் வேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது குட்டி ஒரு பெட்டியை இடுக்கிக்கொண்டு வந்தான்.

"உங்க டி.வி. பெரிசு மாமா" என்றான், என்னை மட்டும் பார்த்து.

செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே போனான். என் மனைவி சாப்பாட்டு மேஜையில் ஏதோ இருமல் மருந்துத் தாளைத் திருத்திக்கொண்டிருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அவன் வயர்களை மாட்டித் தரையில் உட்கார்ந்து ஆடத் தொடங்கினான். நான் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். புல் உண்மையிலேயே ரொம்பப் பச்சைதான்.

ஒரு மணி நேரம் போனது. வீரன் ஒரு சண்டையில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு துறைமுகத்துக்கு வந்தான். கப்பல் நின்றது. தாடிக்காரர் திரும்பினார். திரையின் கீழே தமிழில் எழுத்து வந்து நின்றது: 'காற்று சரியில்லை. இன்று கப்பல் எடுக்க முடியாது.'

குட்டி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அடுத்த பொத்தானை அழுத்தவில்லை. அப்புறம், திரும்பாமலே கேட்டான்.

"அக்கா, இவரு என்ன சொல்றாரு?"

தமிழில்தானே இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். நல்ல வேளை, அடக்கிக்கொண்டேன்.

என் மனைவி பேனாவை மூடி வைத்தாள். எழுந்து வந்து அவனுக்குப் பின்னால் நின்றாள். திரையை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நீ பேசாத ஒம்பது நாளும் உங்கக்காவுக்குச் சாப்பாடு எறங்கலன்னு சொல்றாரு."

"அப்புறம்?"

"அவ தம்பி ரெண்டு தடவை தோத்தப்பவும் அவளுக்கு அவன்மேல கோவமே இல்லையாம். பயமாத்தான் இருந்துச்சாம். பயந்தா அவளுக்குத் திட்டத்தான் வருமாம்."

"இதெல்லாம் தாடிக்காரரா சொல்றாரு?"

என் மனைவி அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"இல்லடா. நான் சொல்றேன்."

குட்டி கையிலிருந்ததைக் கீழே வைத்தான்.

"டி.வி. சத்தத்துல சரியாக் கேக்கல. இன்னொரு தடவை சொல்லு" என்றான்.

டி.வி.யில் அப்போது சத்தமே இல்லை. அவள் இன்னொரு தடவை சொன்னாள்.